டைம் ஆபீசுக்கு வந்த புக் போஸ்ட்

1989 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய் முடித்த நேரம். தபால்காரர் மில் கேட்டில் சைக்கிளை நிறுத்தி ஒரு கட்டைக் கொடுத்தார். இரண்டு ஓரமும் திறந்த காக்கித் தாள் உறை, குறுக்கும் நெடுக்குமாகச் சணல், மேலே ‘புக் போஸ்ட்’ என்று ஊதா முத்திரை. வாட்ச்மேன் அதை டைம் ஆபீஸ் ஜன்னலில் வைத்து, “அம்மிணி, உங்க பேருக்குத்தானுங்க. நல்ல கனம்” என்றார்.

எனக்கு அப்போது 25 வயது. கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். பி.காம். முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, 1986-இல் சேர்ந்தவள். பித்தளை டோக்கன் பலகையைப் பார்த்து யார் வந்தார், யார் வரவில்லை என்று மஸ்டர் ரோலில் ஏற்றுவது, எத்தனை பதிலி ஆள் எடுக்கலாம் என்று ஸ்பின்னிங் மேஸ்திரிக்குச் சொல்வது, பி.எப். 3-ஏ அட்டை எழுதுவது, இ.எஸ்.ஐ. படிவம் நிரப்புவது எல்லாம் என் வேலை. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமலேயே மூன்று வருடம் சட்டப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

கட்டுக்குள் ஆறு புத்தகங்கள். பழுப்புத் தாள், நெருக்கமான ஆங்கில எழுத்து, சில பக்கங்களில் மை அடர்ந்தும் சிலவற்றில் மங்கியும் இருந்தது. ‘பர்சனல் மேனேஜ்மென்ட் அண்ட் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அஞ்சல் வழியில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ. எங்கள் வட்டாரத்தில் அதை யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை. ‘பி.எம்.ஐ.ஆர். கரஸ்ல பண்றேன்’ என்பதுதான் பேச்சு. இன்று மனிதவளம் என்கிறோம். அன்று அந்தச் சொல் எங்கள் மில் காம்பவுண்டுக்குள் வந்திருக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டாவது பாடத்திலேயே ‘ஜாபர்’ வந்தார். இந்திய ஆலைகளில் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் வேலை வாங்குவதும் அவர் கையில் இருந்தன. சேரும்போது பணம், லீவு முடிந்து திரும்ப வேலைக்கு நிற்கப் பணம், நல்ல மெஷினுக்குப் போகப் பணம். தொழிலாளர் நிலை பற்றி 1929-இல் நியமித்த ராயல் கமிஷன் இதையெல்லாம் விசாரித்து 1931-இல் எழுதிவைத்தது என்று பாடம் சொன்னது.

அப்பா திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கார்டிங்கில் முப்பது வருடம் நின்றவர், பஞ்சுத் தூசியில் நெஞ்சு இழுக்கும். 1958-இல் பதிலியாக உள்ளே நுழைய அம்மாவின் தோட்டை அடகு வைத்து மேஸ்திரி கையில் பணம் கொடுத்தது எங்கள் வீட்டுக் கதை. அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதையெல்லாம் அன்னைக்கே எழுதி வெச்சுட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார். 1931-இல் அச்சான ஒரு உண்மை, எங்கள் திண்ணைக்கு வந்து சேர 58 வருடம் ஆகியிருந்தது. கொண்டுவந்து சேர்த்தது தபால்.

அந்தப் பாடத்திலிருந்துதான் இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். மனிதவளம் என்றால் ஏ.சி. அறையில் இன்டர்வியூ நடத்துவது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பிறந்தது மில் கேட்டில், சண்டைக்கு நடுவில்.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் என்று ஊர் அழைத்த கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் 1888-இல் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு சிங்காநல்லூர், பீளமேடு, ஒண்டிப்புதூர் எங்கும் மில்கள் எழுந்தன. பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்த விவசாயக் கூலிகளை மில்லுக்கு அழைத்து வந்தவர் மேஸ்திரி, புத்தகம் சொன்ன ஜாபர். ஊரும் சாதியும் தெரிந்தவர், கடன் கொடுப்பவர், சண்டை தீர்ப்பவர், அடிப்பவரும் அவரே. முதலாளிக்குத் தொழிலாளியின் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சென்னையில் பிரச்சினை முன்னதாகவே வெடித்துவிட்டது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வேலைநிறுத்தம் வந்தபோது நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் தடை ஆணை வாங்கியது. சங்கம் வைப்பதும், வேலைநிறுத்தம் செய்யச் சொல்வதும் ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம். அந்த வழக்கு கிளப்பிய கேள்வியிலிருந்துதான் 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1921-இல் அதே ஆலைகளில் ஆறு மாதம் வேலைநிறுத்தம் நடந்து, புளியந்தோப்பில் ரத்தம் சிந்தியது.

ஜே.எச். விட்லி தலைமையில் வந்த ராயல் கமிஷனில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷியும் உறுப்பினர். ஜாபரின் பிடியை உடைக்க அது சொன்ன வழிதான் லேபர் ஆபீசர். ஆள் எடுப்பதை அவர் செய்ய வேண்டும். அவர் சம்மதமில்லாமல், மேனேஜரைத் தவிர, யாரும் யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது. அவர் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். தொழிலாளியின் மொழி தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கோடும் அழியவில்லை.

லேபர் ஆபீசர் என்ற யோசனை சட்டமாக 17 வருடம் பிடித்தது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தில் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது. அதே சட்டத்தில் 250 பேருக்கு மேல் கேன்டீன், 150 பேருக்கு மேல் ஓய்வறை. பெண்கள் 50 பேருக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம். அதை 1976-இல் 30 ஆக்கினார்கள். தொழிற்சாலைச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டு தொழிற்தகராறுச் சட்டம், அதே 1948-இல் இ.எஸ்.ஐ., 1952-இல் பி.எப்., 1965-இல் போனஸ், 1972-இல் கிராஜுவிட்டி. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பதிவேடு, ஒரு படிவம், ஒரு கெடு தேதி. இவற்றைப் படித்துப் புரிந்து நடத்த ஆள் வேண்டும்.

அந்த ஆட்களை உருவாக்கிய பள்ளிகள் மிகக் குறைவு. பம்பாயில் 1936-இல் தொடங்கிப் பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது ஒன்று. ஜாம்ஷெட்பூரில் 1949-இல் ஏசு சபையார் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. இன்னொன்று. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சமூகப் பணிப் பள்ளி. இரண்டு வருடம் முழுநேரம் படிக்க வேண்டும், விடுதிச் செலவு வேண்டும், அந்த இரண்டு வருடம் வீட்டுக்கு ஒரு சம்பளம் இல்லாமல் ஓட வேண்டும். மில் தொழிலாளியின் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமில்லை. ஆகவே தொழிலாளியின் மொழி தெரிந்தவர் வேண்டும் என்று கமிஷன் கேட்ட இடத்துக்கு, அந்த மொழியைப் புத்தகத்தில் கற்றவர்களே அதிகம் வந்தார்கள். நல்லவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ரீலிங்கில் நிற்கும் பெண் ஏன் மதியம் பால் கொடுக்க ஓடுகிறாள் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கதவைத் திறந்தது அஞ்சல் வழிக் கல்வி. வெளிநாட்டில் அதற்கு வயது அதிகம். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் வந்ததும் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பித்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் எங்கிருந்தும் தேர்வு எழுதலாம் என்று வெளிமாணவர் பட்டத்தைத் திறந்தது. இலங்கையில் சொந்தப் பல்கலைக்கழகம் வரும் முன் அங்குள்ள தமிழர்கள் பலர் பட்டதாரி ஆனது அந்த வழியில்தான். இந்தியாவில் 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. நம் பக்கத்தில் முதலில் மதுரை, 1971. அடுத்து சிதம்பரத்தில் அண்ணாமலை, 1979. சென்னை, 1981. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த இக்னோ 1987-இல் பாடம் நடத்தத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் இரண்டில் ஒன்று மேலாண்மை டிப்ளமோ. வேலையில் இருப்பவர்கள்தான் முதலில் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் வகுப்பில் அது கண்கூடு. தொடர்பு வகுப்பு என்று சனி, ஞாயிறுகளில் கோவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைப்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். முப்பது, முப்பத்தைந்து பேர் வருவோம். பாதிப் பேர் மில், பவுண்டரி, மோட்டார் பம்ப் கம்பெனிகளின் டைம் ஆபீஸ்காரர்கள். ராணுவத்திலிருந்து இன்னும் ஆறு மாதத்தில் வெளியே வரப்போகும் ஒரு ஹவில்தார். போக்குவரத்துக் கழகக் கண்டக்டர் ஒருவர், காக்கிச் சட்டையோடு வந்து டூட்டி நேரத்துக்கு எழுந்து போவார். பவுண்டரி ஒன்றின் சங்கச் செயலாளர் முன் பெஞ்சில் உட்காருவார். “எதிர்த்தரப்பு என்ன படிக்குதுன்னு நாமளும் தெரிஞ்சுக்கணுமுங்க” என்பார். பெண்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை அதிகாரி. எல்டன் மேயோ, மாஸ்லோ ஆகியோரின் கோட்பாடெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். சிகாகோ பக்கம் ஹாதார்ன் ஆலையில் ரிலே பூட்டிய ஐந்து பெண்களைப் பற்றி மட்டும் நிறுத்திப் பேசினார். அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள், தனி அறை கொடுத்தார்கள், உற்பத்தி ஏறியது. “அவங்ககிட்ட யாராச்சும் உட்கார்ந்து பேசினாங்க. உங்க மில்லுல கடைசியா யார் பேசினது?” என்று கேட்டார். வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை.

தொழிற்தகராறுச் சட்டத்தின் 12(3)-க்கும் 18(1)-க்கும் அவர் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டார். சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தம், கையெழுத்துப் போடாத சங்கத்தின் உறுப்பினர், நாளை சேரப்போகும் தொழிலாளி உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று விளக்கினார். இருதரப்பும் தனியாகப் போடும் 18(1), கையெழுத்துப் போட்டவர்களை மட்டும். எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்து போனஸ் பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னார். சங்கச் செயலாளரை நிர்வாகப் பக்கமும், என்னைத் தொழிலாளர் பக்கமும் உட்கார வைத்தார். நான் 20 சதவீதம் கேட்டேன். செயலாளர் 8.33 என்ற சட்டக் குறைந்தபட்சத்தைவிட்டு நகரவே இல்லை. கணக்கு, கடந்த வருட நஷ்டம், பஞ்சு விலை என்று அடுக்கினார். அதுவரை அந்த வாதங்களை அவர் எதிரில் நின்று கேட்டவர். முடிந்ததும் டீக்கடையில், “அந்தப் பக்கம் உட்கார்ந்தா வாய் தானா அப்படிப் பேசுது பாருங்க” என்றார். நான் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்ததில் எனக்கு ஒரு பலம் வந்திருந்தது. அதை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

1990-இல் தேர்வு எழுதிப் பாஸ் செய்தேன். சம்பளத்தில் மாற்றம் வரவில்லை. ஆனால் மறு வருடம் வந்தது ஒரு ஃபைல்.

நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றும் டாஃபர் பையன் ஒருவன், இரவு ஷிப்டில் பஞ்சு மூட்டை மேல் தூங்கினான் என்று சார்ஜ் ஷீட். உள் விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணம், டிஸ்மிஸ் உத்தரவை டைப் செய்யச் சொல்லி என் மேசைக்கு வந்தது. டைப் செய்வதற்கு முன் விசாரணைத் தாள்களைப் படித்தேன். சாட்சி சொன்ன சூப்பர்வைசரின் வாக்குமூலம் இருந்தது. பையன் அவரைக் குறுக்கு விசாரணை செய்ததாக ஒரு வரி இல்லை. சாட்சி சொன்னபோது அவன் அறையில் இருந்தானா என்பதும் இல்லை. ஃபைலைக் கொண்டுவந்த பியூனைக் கேட்டேன். “அவனை வெளியில பெஞ்சுல உக்கார வெச்சிருந்தாங்கம்மா” என்றார்.

என் நாலாவது புத்தகத்தில் சுர் எனாமல் வழக்கு இருந்தது. 1963-இல் உச்ச நீதிமன்றம் உள் விசாரணைக்கு ஐந்து படிகள் வகுத்த தீர்ப்பு. குற்றச்சாட்டைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சாட்சிகளைப் பொதுவாக அவர் முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும். தன் தரப்புச் சாட்சியைக் கொண்டுவர, தானே சாட்சி சொல்ல விட வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். அந்தப் பக்கத்தில் தாள் செருகி, ஃபைலோடு மேனேஜர் அறைக்குப் போனேன். கை நடுங்கியது. கிளார்க் சொல்லி விசாரணை மாறுவது அதுவரை அங்கே நடந்ததில்லை. அவர் கோபப்பட்டார், “உன்னை டைப் பண்ணத்தானே சொன்னேன்” என்றார். பிறகு புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். “லேபர் கோர்ட்டில் நிக்காதோ?” என்று கேட்டார். “நிக்காதுங்க சார்” என்றேன்.

புது விசாரணை நடந்தது. பையனுக்காக ஒரு சக தொழிலாளி வந்து, அவன் காய்ச்சலோடு இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்தான், பதிலி வரவில்லை என்றார். மஸ்டர் ரோலை எடுத்துப் பார்த்தால் உண்மை. என் கையெழுத்திலேயே இருந்தது. நான்கு நாள் சஸ்பென்ஷனோடு முடிந்தது. அவன் அந்த மில்லிலேயே ஸ்பின்னிங் மெஷினைப் பார்க்கும் சைடராகி, மூடும்வரை வேலை பார்த்தான். அதற்கடுத்த வருடம் என்னை பர்சனல் அசிஸ்டென்ட் ஆக்கினார்கள், பிறகு பர்சனல் ஆபீசர். நல அலுவலர் பதவிக்கு அரசு வகுத்த தகுதி வேறு, அது எனக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

இதற்கிடையில் படிப்பின் பெயர் மாறிக்கொண்டிருந்தது. லார்சன் அண்ட் டூப்ரோ 1975-இல் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரின் ஆலோசனையில் மனிதவள மேம்பாட்டுத் துறை என்று தனியாக ஒன்றை வைத்தது. இந்தியாவில் அதுதான் முதல் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். 1985-இல் டெல்லியில் கல்வி அமைச்சகத்துக்கே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் வந்தது, 2020 வரை இருந்தது. 1991-க்குப் பிறகு கோவையில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின, சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தன. என் மேசைப் பலகையிலும் ஒரு நாள் ‘பர்சனல்’ போய் ‘ஹெச்.ஆர்.’ வந்தது.

2003-இல் இன்னொரு முறை தபாலில் சேர்ந்தேன். எம்.பி.ஏ., மனிதவளம். வேறு மில்லில் வேலை, நாற்பதை நெருங்கும் வயது, பையன் பத்தாம் வகுப்பு, நான் எம்.பி.ஏ., இரண்டு பேரும் ஒரே மேசையில் படித்தோம். இந்தப் புத்தகங்கள் வழவழப்பான தாளில் வந்தன. திறன் மேலாண்மை, செயல்திறன் மதிப்பீடு, நிறுவனப் பண்பாடு என்று அருமையான பாடங்கள். பயிற்சித் தேவையை எப்படிக் கணக்கிடுவது என்று அதில்தான் கற்றேன், இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் தேடிப் பார்த்தேன், ஜாபர் இல்லை. விட்லி கமிஷன் ஒரே வரி. பெரம்பூர் இல்லை, வாடியா இல்லை. பழைய கதை, முடிந்துபோனது என்று எடுத்துவிட்டார்கள் போலும்.

முடிந்துபோகவில்லை. அதே ஆண்டுகளில் ஜாபர் எங்கள் கேட்டில் வந்து நின்றார். இப்போது அவர் பெயர் ஏஜென்ட்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பு மில்களில் கேம்ப் கூலி பரவிய காலம் அது. தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை வேனில் கொண்டுவருவார்கள். மில் காம்பவுண்டுக்குள் ஹாஸ்டல். மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று நோட்டீஸ். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். மஸ்டரில் ‘அப்ரன்டிஸ்’. பாதியில் போனால் அந்தத் தொகை இல்லை. பெண்களை இரவு ஷிப்டில் நிறுத்தக் கூடாது என்ற 66-ஆம் பிரிவை 2000-இன் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சம உரிமைக்காகக் கேட்டு வாங்கிய தீர்ப்பு அது, நியாயமான தீர்ப்பு. பாதுகாப்பு நிபந்தனைகளோடு வந்தது. நிபந்தனைகளை மறந்துவிட்டு, இரவு ஷிப்டை மட்டும் பல மில்கள் எடுத்துக்கொண்டன.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஹாஸ்டல் வந்தது. ஒரு நாள் மாலை ஏஜென்ட் ஒருவர் ஒன்பது பெண்களோடு என் அறைக்கு வந்து தலைக்கு இவ்வளவு என்று பில் நீட்டினார். பெண்கள் சுவரோரம் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியிடம் வயது கேட்டேன். ஏஜென்ட் பதினெட்டு என்றார். “அவ சொல்லட்டும்” என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “பத்தாவது லீவுங்க்கா” என்றாள். என் பையனும் அந்த வருடம் பத்தாவது.

அந்த பில்லைப் பாஸ் செய்யவில்லை. வயதுச் சான்று இல்லாமல் ஆள் எடுக்க முடியாது, 1948 சட்டப்படி சர்ஜன் சான்றிதழ் வேண்டும் என்று எழுதித் திருப்பினேன். நான்கு பெண்களை ஊருக்கு அனுப்பினோம். மற்றவர்கள் தங்கினார்கள். பிறகு ஆள் சேர்ப்பது என் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டு வேறொருவரிடம் போனது. அவர் நல்ல கல்லூரியில் மனிதவளம் படித்தவர், பண்பானவர். ஜாபர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அது அவர் குற்றமில்லை, அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. என் பழைய பழுப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தபோது, “மேடம், இது நம்ம ஏஜென்ட்டேதானே” என்றார்.

அதனால்தான் இந்த வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாடத்திட்டத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தால், கேட்டில் நிற்கும் ஆளை அடையாளம் காணும் கண் போய்விடுகிறது.

அஞ்சல் வழிப் படிப்பும் பழையபடி இல்லை. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அடுத்த பத்து வருடத்தில் ஊருக்கு ஊர் படிப்பு மையம், பெட்டிக்கடைக்குப் பக்கத்தில்கூட எம்.பி.ஏ. போர்டு தொங்கியது. தொடர்பு வகுப்பே நடத்தாமல் பணம் மட்டும் வாங்கிய மையங்களைப் பார்த்திருக்கிறேன். அவை எங்களைப் போல் இரவில் கண் விழித்துப் படித்தவர்களின் பட்டத்துக்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. இன்டர்வியூவில் ‘ரெகுலரா, கரஸா?’ என்று கேட்டு, கரஸ் என்றதும் ஃபைலை மூடியவர்கள் உண்டு. 2013-இல் கண்காணிப்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் கைக்கு வந்தது, 2017-லும் 2020-லும் விதிகள் இறுகின. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022-இல் மானியக் குழு தெளிவுபடுத்தியது. எங்களுக்கு முப்பது வருடம் தாமதம், இன்றைய பிள்ளைகளுக்கு உதவும்.

நான் 2022-இல் ஓய்வுபெற்றேன். ஞாயிறுகளில் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேருக்குத் தொழிலாளர் சட்டம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தொலைநிலையில் படிப்பவர்கள். பாடம் இப்போது கைபேசியில் வருகிறது, வகுப்பு வீடியோவில். ஒருவர் மருத்துவமனை அலுவலகம், இருவர் பனியன் கம்பெனி, ஒரு பெண் டெலிவரி கம்பெனி கிடங்கில் வருகைப் பதிவு பார்ப்பவள். அவளைப் பார்க்கும்போது டோக்கன் பலகைக்கு முன் நின்ற நான் தெரிகிறேன். போன மாதம் அவளே கேட்டாள், “மேடம், எங்க கிடங்குல கான்ட்ராக்டர் ஆளுங்ககிட்ட சேரும்போது காசு வாங்குறாரு. இதுக்குச் சட்டத்துல பேரு இருக்குதுங்களா?” அன்று ராயல் கமிஷன் பாடத்தை எடுத்தேன்.

இந்தப் படிப்பில் சேரப்போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. சேரும் முன் மானியக் குழுவின் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பு வகுப்பைத் தவற விடாதீர்கள், பக்கத்து பெஞ்சில் உட்காருபவர் உங்களுக்குத் தெரியாத ஒரு தொழிலைத் தெரிந்தவர். பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஜாபரின் அத்தியாயத்தைத் திரும்பச் சேருங்கள், அதைத் தமிழில் அச்சிடுங்கள்.

சட்டங்களும் மாறிவிட்டன. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இப்போது புதிய தொகுப்புக்குள் இருக்கிறது. நல அலுவலர் வைக்க வேண்டிய எண்ணிக்கை 500-இலிருந்து 250 ஆகியிருக்கிறது.